வந்தவருக்காக நிறுத்திய மெஷின்

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் ஒரு தொழிலிலிருந்து முழுதாக வெளியே வந்துவிட்டேன், திரும்பிப் போகப் போவதில்லை. அதனால் எனக்கும் அந்தத் தகுதி உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சத்தம் அளந்துகொண்டிருந்தேன். காற்று, தண்ணீர், சத்தம் மூன்றையும் அளந்து அறிக்கை தரும் இடம் அது. காற்றையும் தண்ணீரையும் மற்றவர்கள் பார்த்தார்கள். சத்தம் என் பங்கு.

இப்போது உடுமலைப்பேட்டையில் அப்பாவின் தேங்காய் மண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம், ஆய்வகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த நிவேதா போன் செய்தாள்.

"அக்கா, மீட்டரெல்லாம் இனி அலமாரியில வெச்சுப் பூட்டறதுதானுங்க. அடுக்குமாடியில இருக்கறவங்க போன்லயே ஒரு ஆப் வெச்சு அளந்து அனுப்பிடறாங்க. அதையே புகாரோட சேத்துக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தப்புன்னு சொன்னனுங்க. என்ன தப்புன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்ல வரல. நீங்க எழுதுங்களேன், புதுசா வந்த புள்ளைங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்."

எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்; நிதானமாக எழுதுவதற்கு இன்னும் வயதாகவில்லை.

படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். நான்கு வருடப் படிப்பில் சத்தத்துக்கு ஒரே ஒரு பாடம். அதையும் தேர்வுக்கு வராது என்று தாண்டிவிட்டோம். வேலையில் சேர்ந்த பிறகு கற்றதுதான் எல்லாம். கற்ற விதத்துக்கு ஒரே காரணம் எங்கள் தலைமை ஆய்வாளர் சௌந்தரராஜன் சார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அளவெடுக்கப் போகும் இடத்தில் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வார், எஞ்சின் சத்தம் அளவில் சேரக்கூடாது என்று. மீட்டரைக் கையில் பிடிக்க விடமாட்டார். முக்காலியில் மார்பு உயரத்துக்கு ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மைக்கின் தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டையை மாட்ட வேண்டும், காற்று அடிப்பதை அது சத்தம் என்று எண்ணிவிடாமல் இருக்க. பிறகு ஒரு விரலைத் தூக்குவார். அந்த விரல் இறங்கும் வரை யாரும் இருமக்கூடாது, வளையல் அசையக்கூடாது. சேர்ந்த முதல் மாதத்திலேயே நான் கண்ணாடி வளையல் போடுவதை விட்டுவிட்டேன்.

என் முதல் அறிக்கையில் 'மிகுந்த இரைச்சல் காணப்பட்டது' என்று எழுதியிருந்தேன். பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார்.

"இந்த 'மிகுந்த'ங்கறது என்ன யூனிட்டும்மா?"

அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு இடத்தில் சத்தம் அளப்பது என்றால் இரண்டு முறை அளக்க வேண்டும். புகாருக்குள்ளான மெஷின் ஓடும்போது ஒரு முறை, அதை நிறுத்திவிட்டு ஒரு முறை. நிறுத்திய பிறகும் மீட்டர் காட்டுகிறதே ஒரு எண், அதுதான் பின்னணி. ரோடு, ஆரன், காக்கை, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் அதில் சேரும். இரண்டு எண்களுக்கும் இடையில் மூன்று டெசிபல் வித்தியாசம்கூட இல்லையென்றால், அந்த இடத்துச் சத்தத்துக்கு அந்த மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது. போன் ஆப்பில் இந்த இரண்டாவது எண் கிடையாது. நிவேதா, நீ கேட்டதற்குப் பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி ரெஜினா அக்கா.

அதற்கு முன் இன்னொன்று. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் புகார்கள் மாடியிலிருந்து கீழே வந்தன. கீழேயிருந்து மாடிக்கு ஒன்றுகூடப் போகவில்லை. லைன் வீட்டில், ஒரே அறையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு, பக்கத்தில் அடுக்குமாடிக்குக் கடைக்கால் தோண்டும்போது வீடே ஆடும். தட்டு அலமாரியிலிருந்து விழும். ஒருவரும் எங்களைக் கூப்பிட்டதில்லை. அந்தக் கட்டடம் எழும்பி, ஆட்கள் குடிவந்து, பால்கனியில் செடி வைத்த மறுமாதம் எங்களுக்குப் போன் வரும். ஒருமுறை ஒரு ஃபிளாட்காரர் கீழேயுள்ள ஓவர்லாக் தையல் மெஷின் தூங்கவிடவில்லை என்று எங்களை வரவழைத்தார். தடதடவென்று வந்த சத்தம் அவருடைய மேல்மாடிக்காரரின் டிரெட்மில். அளந்து சொன்னதும் புகாரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேல்மாடிக்காரர்மேல் யாராவது புகார் கொடுப்பார்களா, தினமும் லிஃப்டில் பார்க்க வேண்டிய முகம் அல்லவா?

ரெஜினா அக்காவின் கடை திருப்பூர் ராயபுரத்துக்குள் ஒரு வீதியில் இருந்தது. கீழே ஷெட், மேலே வீடு. ஷெட்டில் நான்கு வட்டப் பின்னல் மெஷின்கள். கம்பெனிக்காரர்கள் நூலைக் கொண்டுவந்து இறக்குவார்கள்; அக்கா துணியாக ஓட்டி உருளையாகச் சுற்றித் தருவார். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் ஆபரேட்டர் மாரியப்பன் குடும்பம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர், மகள் பத்தாம் வகுப்பு. கணவர் தவறிய பிறகு கடையைத் தனியாக நடத்தியவர் அக்கா.

அந்த வீதியில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மெஷின் ஓடியதாம். சத்தம் நின்றால்தான் ஜனங்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்களாம், கரண்ட் போச்சா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று. நான் போனபோது லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒன்பது மாடி நின்றது. தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. லைன் வீடுகளில் இருந்த பனியன் கம்பெனி ஜனம் எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கை காட்டினார்கள். மிச்சம் நின்றவை அக்காவின் கடையும் இன்னும் சில சிறு கடைகளும்தான்.

தொழில் பகுதி என்றால் பகலில் எழுபத்தைந்து டெசிபல் வரை இருக்கலாம். குடியிருப்புப் பகுதி என்றால் ஐம்பத்தைந்துதான். அடுக்குமாடி வந்ததும் அந்த வீதி காகிதத்தில் குடியிருப்புப் பகுதி ஆகிவிட்டது. அக்காவின் மெஷின்கள் முன்பு போட்ட அதே சத்தத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. இடத்தின் பெயரை மாற்றி எழுதியதும் அது குற்றமாகிவிட்டது.

புகார் கொடுத்தது அடுக்குமாடிச் சங்கம். செயலாளர் பிரபாகர், சொந்தமாக எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிறவர். இதே வீதியில் பிறந்தவர். அவர் அப்பாவும் வீட்டின் அடியில் மெஷின் போட்டு ஓட்டியவர்தான். மகன் கம்பெனியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, குடியிருக்க மட்டும் ராயபுரத்துக்குத் திரும்பி வந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாரும் நானும் போனோம். வழக்கம்போல ஜீப் தெருமுனையில். முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஷெட் வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி உள்ளே ஓடினார். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மெஷின்களும் நின்றன. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்க சார், வா அம்மணி. வெயில்ல நடந்தா வந்தீங்க? மாரியப்பா, அந்தச் சேர எடுத்துப் போடு."

"எதுக்குங்கக்கா மெஷினை நிறுத்துனீங்க?" என்றேன்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வந்தவங்கள நிக்க வெச்சு மெஷின் சத்தத்துல கத்திக்கிட்டா பேசறது? என்ன நெனைப்பீங்க?"

பின்னல் கடைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும். நூல்காரர் வந்தாலும், சொந்தக்காரர் பத்திரிகை வைக்க வந்தாலும், முதலில் மெஷின் நிற்கும், பிறகுதான் 'வாங்க' என்ற சொல் வரும். நிறுத்தாமல் பேசினால், சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். சத்தம் அளக்க வந்தவர்களுக்கும் அக்கா அதையே செய்தார். திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊரில் இந்தத் தவறு நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தவறு என்று எழுதவே கை கூசுகிறது.

சார் என்னைப் பார்த்தார். "நின்னுதான் இருக்கு. பின்னணிய முதல்ல எடுத்துடும்மா" என்றார். அடுக்குமாடியின் சுற்றுச்சுவர் ஓரம் முக்காலியை வைத்தேன். விரல் எழுந்தது. காபிக் கடையின் புகையை வெளியேற்றும் பெரிய விசிறி, சுவரில் துளையிட்டுப் பொருத்தப்பட்டு, நேராக அக்காவின் ஷெட்டைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. கார் நிறுத்தும் அடித்தளத்துக்குக் காற்று தள்ளும் ப்ளோயர் இன்னொரு பக்கம். விரல் இறங்கியது. மெஷின் ஒன்றுகூட ஓடாமல் அறுபத்து மூன்று.

பிறகு நான்கு மெஷின்களையும் ஓடவிடச் சொன்னோம். அக்கா தயங்காமல் முழு வேகத்தில் ஓட்டினார். அறுபத்தைந்து.

வித்தியாசம் இரண்டு. எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். இந்தக் கடை பிழைத்துவிட்டது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அளவெடுத்து முடிக்கும் வரை தண்ணீர்கூடத் தொடாத சார், முடிந்த பிறகு அக்கா கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். நான் நூல் கோன்களைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றின் உள்ளேயும் கம்பெனி ஸ்டிக்கர். பிரபாகரின் கம்பெனி. அவருடைய துணியைத்தான் அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இவருதான் புகார் குடுத்தவருன்னு தெரியுங்களாக்கா?"

"தெரியும். ஒரே வீதி, தெரியாம இருக்குமா? வேல வேல, புகாரு புகாரு." சிரித்தார். "சின்னதுல இந்தச் சத்தத்துல தூளி கட்டித் தூங்குன பையன்தான். மெஷின நிறுத்துனாத்தான் அழுவான்."

வெளியே வரும்போது பிரபாகரே எதிரில் வந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "சார், உள்ள ஓடறது உங்க நூல்தானுங்க" என்றேன்.

"அதுக்கென்னங்க? ஜாப் ஒர்க்க எங்க வெச்சு வேணாலும் ஓட்டலாம். ஓடற எடம் நம்ம பெட்ரூமுக்குப் பக்கத்துல இருக்கோணுமா?" மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

சில நாட்களில் ஒரு வீடியோ வந்தது. ஏழாவது மாடிப் பால்கனியிலிருந்து எடுத்தது. நாங்கள் முக்காலியோடு நடந்து வருகிறோம், அக்கா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுகிறார், சத்தம் அடங்குகிறது. அவ்வளவுதான் வீடியோ. மறுபடி மெஷின் ஓடியது அதில் இல்லை. 'அதிகாரிகளைக் கண்டதும் இயந்திரங்களை நிறுத்தி ஆய்வை ஏமாற்றினர்' என்று கீழே எழுதியிருந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப்பில் சுற்றி, புகாரோடு இணைந்து, எங்கள் ஆய்வகத்துக்கும் வந்துசேர்ந்தது.

சார் அதை ஒருமுறைதான் பார்த்தார். நான் தயாரித்த அறிக்கையை எடுத்தார். பின்னணிச் சத்தம் என்ற வரியின் மேல் பென்சில் கோடு.

"இது செல்லாதும்மா."

"ஏன் சார்? நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க."

"நாம நிறுத்தச் சொல்லி நிறுத்தியிருக்கணும். நாம சொல்றதுக்கு முன்னாடியே அவங்க நிறுத்திட்டாங்க. அப்ப வேற எதையெல்லாம் நிறுத்தினாங்க, எதை ஓட விட்டாங்கன்னு நமக்குத் தெரியாது. கட்டுப்பாடு இல்லாத அளவு. நான் அன்னைக்கே யோசிச்சிருக்கணும்."

"வேற எதையாவது நிறுத்தியிருந்தா பின்னணி குறைஞ்சிருக்கும், ஏறியிருக்காதுங்களே சார். குறைஞ்சா அவங்களுக்குத்தானே நஷ்டம். இன்னொரு தடவை போய் எடுத்துடலாம்."

"சங்கத்துக்காரங்க ஏத்துக்கல. இனி எப்பப் போனாலும் நிறுத்திடுவாங்கங்கறாங்க."

"சார், எதுக்கு நிறுத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க குடுத்த டீயக் குடிச்சீங்க."

"டீ ரிப்போர்ட்ல வராதும்மா."

அவர் லஞ்சம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். விதிப்புத்தகத்தில் அவர் சொன்ன வரி இருக்கிறது. நான் தேடிப் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் அத்தனை வருடங்களில் எத்தனையோ இடங்களில், நின்றிருந்த மெஷினைப் பார்த்ததும் 'பின்னணிய முதல்ல எடுத்துடு' என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடச் செல்லாது என்றதில்லை. ஒன்பது மாடிக் கட்டடம் மேலேயிருந்து பார்க்கும்போதுதான் அந்த வரி அவர் கண்ணில் பட்டது. அறிக்கை அறுபத்தைந்து என்ற ஒற்றை எண்ணோடு போனது. வரம்பு ஐம்பத்தைந்து.

விசாரணை நடந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அறையில் அதிகாரி, பிரபாகர், சங்கத்துக்காரர்கள் இருவர், அக்கா, மாரியப்பன், சார், நான். அதிகாரி என்னைக் கேட்டார்.

"நீங்க போனப்ப மெஷினை நிறுத்துனாங்களா?"

"நிறுத்துனாங்க சார், ஆனா அது…"

"ஆமாவா இல்லையா?"

"ஆமா. அப்புறம் நாங்க கேட்டதும்…"

"ஆமா. போதும், உக்காருங்க."

அக்கா எழுந்தார். "ஏனுங்க சார், மறைக்கறவ எதுக்குங்க மறுபடி நாலையும் ஓட்டிக் காட்டறேன்? ஊட்டுக்கு வந்தவங்கன்னு நிறுத்துனனுங்க. அது இந்தத் தம்பிக்கே தெரியுமே. ஏந்தம்பி, உங்கப்பா நிறுத்த மாட்டாரா?"

பிரபாகர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்கா, அது அந்தக் காலமுங்க. அன்னைக்கு நமக்கு வெவரம் பத்தல."

அதிகாரி முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஷெட்டுக்கு உடனே சீல் வைப்பது ஒன்று. ஆய்வை ஏமாற்றும் நோக்கத்தோடு இயந்திரங்களை நிறுத்தியதை ஒப்புக்கொண்டு அக்கா கையெழுத்துப் போட்டால், காலி செய்யக் கோடை வரை அவகாசம். சீல் வைத்தால் ஷெட்டின் வழியாகத்தான் போக வேண்டிய பின்னறையும் சேர்ந்து பூட்டப்படும். மாரியப்பனின் மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் அந்த வீதி முனையில்.

"வந்தவங்க மரியாதைக்காக நிறுத்தினேன்னு எழுதுங்க சார், போட்டுத் தரேன்" என்றார் அக்கா.

"அப்படி எழுதினா எதுக்கும்மா அவகாசம் தர்றது? குத்தத்த ஒத்துக்கிட்டாத்தான் சலுகை."

மாரியப்பன் அக்காவின் பக்கத்தில் குனிந்தார். "போட்ராதீங்கக்கா. ஏமாத்தினோம்னு நீங்க எதுக்கு எழுதிக் குடுக்கணும்? நாங்க எங்கனயாவது இருந்துக்கிடுதோம்."

"எங்க இருப்பே? உம் புள்ள பரீச்சைக்கு ரோட்டுல உக்காந்து படிக்குமா?"

"அக்கா, ஊரு ஒங்களத்தானே பேசும்."

"பேசட்டும். தள்ளு."

போட்டார். ஒரு பொய்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்குச் சலுகை என்று பெயரும் வைத்து, அந்த அறையில் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றோம். மிகுந்த என்றுதான் எழுதுகிறேன். யூனிட் கிடையாது. வெளியே வந்து சாரிடம் ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். எழுத்தில் கொடு என்றார். கொடுத்தேன்.

இதை முன்னேற்றம் என்கிறார்கள். வீதி அழகாகிவிட்டது, மரம் வைத்திருக்கிறார்கள், நாய்களுக்குக்கூடக் கழுத்துப் பட்டை இருக்கிறது. எனக்கு மரத்தின் மேல் கோபமில்லை. அந்த வீதியில் யாருடைய சத்தம் சத்தம், யாருடையது பின்னணி என்று ஒரு தரப்பு மட்டும் தீர்மானிக்கிறதே, அதன் மேல்தான் கோபம். அப்படித் தீர்மானிப்பதற்கு ஒரு மீட்டரும், ஒரு பொறியியல் பட்டமும், ஒழுங்கான ஒரு மனிதரும் போதும் என்று நான் கண்ணால் பார்த்தேன். இப்போது மீட்டர்கூட வேண்டாம் என்கிறார்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நீங்கள் உள்ளே போகும்போது மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லையே அறிக்கையில் எழுதுங்கள். அதற்குக் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். கோடு போட்டு அடிக்கிறவர் அடிக்கட்டும், எழுதிய தடமாவது இருக்கும். கீழே இருக்கிறவர்களிடமும் ஒருமுறை போய், உங்களுக்கு எந்தச் சத்தம் தொந்தரவு என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, எனக்குத் தோன்றவில்லை.

அக்காவின் மெஷின்கள் இப்போது ஊர் ஓரம், நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு வாடகை ஷெட்டில் ஓடுகின்றன. மாரியப்பன் குடும்பமும் அங்கேதான். மகள் தேர்வை எழுதி முடித்த பிறகுதான் இடம் மாறினார்கள். அக்கா மட்டும் ராயபுரத்து மாடி வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். கீழே ஷெட் காலி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போயிருந்தேன். அக்கா ஷெட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். மூலைகளில் இன்னும் பஞ்சு அடைந்திருந்தது. நான் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பிரபாகர்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் இல்லீங்க, நம்ம சங்கத்துல விருந்தாளிங்க வந்தா கார் நிறுத்த எடமில்ல. இந்த ஷெட்டு சும்மாதான கெடக்குது, வாடகைக்குக் குடுத்தீங்கன்னா…"

அக்கா விளக்குமாற்றை நிறுத்தவில்லை. குனிந்தபடியே கூட்டிக்கொண்டிருந்தார். நான்தான் நிமிர்ந்தேன். பிரபாகர் பேசிக்கொண்டே ஒரு காலின் செருப்பைக் கழற்றிவிட்டு, மறு காலைத் தூக்காமல் நின்றார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். காபிக் கடை விசிறி அவர் முதுகில் சூடாக ஊதிக்கொண்டிருந்தது. அக்கா பஞ்சைக் கூட்டி வாசற்படி வரை கொண்டுவந்தார், அவர் கால்மாட்டில் குவித்தார், நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை.

அவர் அந்த வீதியில் பிறந்தவர். கழற்றிய செருப்பைக் காலால் தேடி மறுபடி மாட்டிக்கொண்டார்.